கத்திரிக் கோடையில் ஹாலியின் தூசி

எரிகல் பொழிவு பார்க்க ஆண்டில் எந்த நாள் நல்லது என்று கேட்டால், வானியலில் ஆர்வமுள்ள பலரும் ஆகஸ்ட் 12 என்பார்கள். அன்றையொட்டி உச்சம் தொடும் பெர்சீட் பொழிவைப் பற்றித்தான் உலகப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது கோடை விடுமுறைக் காலம். எரிகற்கள் கிளம்புவதாகத் தோன்றும் வானப்பகுதியும் அங்கே உச்சி வரை ஏறும். நமக்கு நிலைமை வேறு. சென்னையிலிருந்து பார்த்தால் அந்தப் பகுதி வடக்கு வானில் 45 டிகிரி உயரத்தைத் தாண்டுவதில்லை. ஆகஸ்ட் மாத மேகங்கள் வேறு அடிக்கடி மறைத்துவிடும்.

நமக்கு வாய்ப்பான கோடைப் பொழிவு ஒன்று தனியாக இருக்கிறது. கத்திரி வெயில் தொடங்கும் மே முதல் வாரத்தில், விடிவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் அதைப் பார்க்கலாம். ஈட்டா அக்குவாரிட் என்பது அதன் பெயர். 1986இல் வந்துபோன ஹாலி வால்மீனின் தூசியால் உண்டாவது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு இந்தப் பொழிவு தெரியும் அளவுக்கு லண்டனிலோ பாரிஸிலோ இருப்பவர்களுக்குத் தெரியாது. இருந்தும் இங்கே அதற்காக எழுந்து உட்காருபவர்கள் வெகு சிலர்தான். அந்த எண்ணிக்கை கூட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு துகளின் கடைசி நொடி

வானத்தில் சரேலென்று கோடு கிழித்து மறையும் ஒளிக்கும் நட்சத்திரங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எப்போதோ ஒரு வால்மீன் உதிர்த்த தூசித் துகள், காற்றில் மோதி அழியும்போது எழும் வெளிச்சம் அது. பெரும்பாலான துகள்கள் மணல் பருமன்தான் இருக்கும். எடை ஒரு கிராம் தேறினால், ஊரே திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பிரகாசமான எரிகல் கிடைக்கும்.

இவ்வளவு சிறிய பொருளிலிருந்து இவ்வளவு வெளிச்சம் எப்படி வருகிறது? வேகம்தான் காரணம். ஈட்டா அக்குவாரிட் துகள்கள் நொடிக்கு 66 கி.மீ. வேகத்தில் நம் காற்று மண்டலத்துக்குள் நுழைகின்றன. மணிக்கு சுமார் 2 லட்சத்து 37 ஆயிரம் கி.மீ. ஒரு பொருளின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகிவிடும். இந்தக் கணக்கில் ஒரு கிராம் துகள் சுமந்து வரும் ஆற்றல் சுமார் 22 லட்சம் ஜூல். மின்கட்டண அட்டையின் மொழியில் சொன்னால் 0.6 யூனிட், மின்விசிறி ஒன்றை இரவு முழுக்க ஓட்டப் போதுமான மின்சாரம். அத்தனையும் ஒரு நொடிக்குள் செலவாகிறது.

தரையிலிருந்து சுமார் 115 கி.மீ. உயரத்தில் இது தொடங்குகிறது. அங்கே காற்று மிகவும் மெலிந்திருக்கும். ஆனாலும் அந்த வேகத்தில் வரும் துகளை ஒவ்வொரு காற்று மூலக்கூறும் தாக்கிச் சூடேற்றுகிறது. துகளின் மேற்பரப்பு ஆவியாகிறது. ஆவியாகிப் பிரிந்த அணுக்கள் மீண்டும் காற்றோடு மோதிக் கிளர்ச்சியடைந்து ஒளியை உமிழ்கின்றன. துகளில் உள்ள சோடியம் மஞ்சளாகவும் மெக்னீசியம் பச்சையாகவும் ஒளிர்கின்றன. 90 கி.மீ. உயரத்துக்கு வருவதற்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்துவிடும். ஈட்டா அக்குவாரிட் துகள் எதுவும் கல்லாகத் தரையில் வந்து விழுவதில்லை. அருங்காட்சியகங்களில் நாம் பார்க்கும் விண்கற்கள் பெரும்பாலும் சிறுகோள்களின் உடைசல்கள்.

வேகமான எரிகற்களில் அதிகம் காணக் கிடைக்கும் காட்சி ஒன்று உண்டு. எரிகல் மறைந்த பிறகும் அது போன தடத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று நிற்கும். மோதலில் கிளர்ச்சியடைந்த ஆக்சிஜன் அணுக்கள் உடனே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அவை மெதுவாகத் தம் ஆற்றலை ஒளியாக விடுவதால் இந்தத் தடம் தெரிகிறது. சாதாரணமாக ஓரிரு நொடிகள் நீடிக்கும். பெரிய எரிகல்லாக இருந்தால் சில நிமிடங்கள்கூட நிற்கும். கண்ணை எடுக்காமல் பார்த்தால், நேர்க்கோடாக இருந்த தடம் முதலில் நடுவில் வளையும்; பிறகு எழுத்துப்போல நெளியும்; பிறகு பிசிறு பிசிறாகக் கலையும். 90 கி.மீ. உயரத்தில் வீசும் காற்றுதான் அதை அப்படி இழுக்கிறது. சாதாரணமாக மனிதக் கண்ணால் பார்க்க முடியாத காற்று அது.

ஹாலி விட்டுச் சென்ற தூசி

1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் தோன்றிய வால்மீன்கள் மூன்றும் ஒன்றே என்று எட்மண்ட் ஹாலி 1705இல் எழுதினார். அது மீண்டும் 1758இல் வரும் என்றும் கணித்தார். 1742இல் அவர் இறந்துபோனார். வால்மீன் சொன்ன சொல் தவறாமல் 1758 டிசம்பரில் தென்பட்டது. ஜெர்மனியில் டிரெஸ்டனுக்கு அருகே வாழ்ந்த பாலிச் என்ற விவசாயிதான் அதை முதலில் பார்த்தவர். 1910இல் அது வந்தபோது நம் கொடைக்கானல் ஆய்வகமும் அதைப் படமெடுத்தது.

ஹாலியின் கரு ஏறத்தாழ 15 கி.மீ. நீளமும் 8 கி.மீ. அகலமும் கொண்ட, தூசி கலந்த பனிக்கட்டி. சூரியனை நெருங்கும்போதெல்லாம் பனி ஆவியாகி, தன்னோடு தூசியையும் வெளியே தள்ளுகிறது. அந்தத் தூசி எப்படிப்பட்டது என்பதை ஒரு விண்கலம் தன் உடம்பிலேயே வாங்கிக்கொண்டு சொன்னது. 1986 மார்ச் 14 அன்று ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஜியோட்டோ, கருவிலிருந்து சுமார் 600 கி.மீ. தொலைவில் கடந்து சென்றது. கடப்பதற்குச் சில நொடிகள் முன்பு, ஒரு கிராமுக்கு மேற்படாத ஒரு துகள் அதன்மீது மோதியது. அந்த ஒரே அடியில் கலம் தள்ளாடியது. அதன் ஆன்டெனா பூமியை விட்டு விலகி, தகவல் தொடர்பு சுமார் அரை மணி நேரம் விட்டு விட்டு வந்தது. மே மாத விடியலில் நம் தலைக்கு மேல் எரிவது அதே இனத் துகள்கள்தான்.

வெளியேறிய தூசி ஒரே இடத்தில் தங்குவதில்லை. வால்மீனின் பாதையிலேயே அதுவும் சூரியனைச் சுற்றுகிறது. பல நூற்றாண்டுகளில் பாதை நெடுகப் பரவிவிடுகிறது. இந்தத் தூசிப் பாதையை பூமி ஆண்டுக்கு இரண்டு முறை கடக்கிறது. சூரியனைச் சுற்றிவிட்டு வெளியே போகும் துகள்களை மே மாதத்தில் சந்திக்கிறோம்; சூரியனை நோக்கி உள்ளே வரும் துகள்களை அக்டோபரில் சந்திக்கிறோம். அக்டோபர் பொழிவுக்கு ஓரியானிட் என்று பெயர்.

ஹாலியின் இன்றைய பாதை மே மாதத்தில் பூமியின் பாதையிலிருந்து சுமார் 1 கோடி கி.மீ. தள்ளி இருக்கிறது. எனவே 1986இல் வெளியேறிய புதுத் தூசி நம்மை எட்டாது. நாம் பார்ப்பவை எல்லாம் பழைய துகள்கள். வால்மீனின் பாதை வேறாக இருந்த காலத்தில் வெளியேறி, வியாழன் கோளின் ஈர்ப்பால் மெல்ல மெல்ல நகர்ந்து பூமியின் பாதைக்கு வந்து சேர்ந்தவை. 2013 மே மாதத்தில் இந்தப் பொழிவு வழக்கத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு பொழிந்தது. ஜப்பானிய வானியலாளர்கள் துகள்களின் பாதைகளைக் கணினியில் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார்கள். அவை ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன்பு ஹாலியை விட்டுப் பிரிந்தவை என்று தெரியவந்தது. கீழடியின் செங்கல் சுவர்கள் எழும்புவதற்கு முன்பே புறப்பட்டவை.

எரிகற்களுக்கும் வால்மீன்களுக்கும் உறவு உண்டு என்பதே 19ஆம் நூற்றாண்டில்தான் தெளிவானது. அதுவரை பலரும் எரிகற்களை மின்னலைப் போலக் காற்று மண்டலத்துக்குள்ளேயே உண்டாகும் நிகழ்வாகக் கருதினார்கள். 1833 நவம்பரில் வட அமெரிக்காவில் ஓர் இரவு முழுக்க ஆயிரக்கணக்கில் எரிகற்கள் பொழிந்தன. அவை எல்லாமே சிம்ம ராசியில் ஒரு புள்ளியிலிருந்து கிளம்புவதாகத் தெரிந்ததை டெனிசன் ஓல்ம்ஸ்டெட் பதிவு செய்தார். பூமி சுழன்றபோது அந்தப் புள்ளியும் நட்சத்திரங்களோடு சேர்ந்து நகர்ந்தது. அப்படியென்றால் எரிகற்கள் பூமிக்கு வெளியே இருந்துதான் வருகின்றன. பெர்சீட் பொழிவுக்குக் காரணம் ஸ்விஃப்ட்-டட்டில் என்ற வால்மீன் என்று இத்தாலியின் ஷியாபரெல்லி 1866இல் காட்டினார். ஈட்டா அக்குவாரிட் பொழிவை முதலில் முறையாகக் கவனித்தவர் டப்மன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி. 1870 மே தொடக்கத்தில் மத்தியதரைக் கடலில் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோது அவர் அதைக் குறித்து வைத்தார். அதன் மூலம் ஹாலிதான் என்று 1876இல் சொன்னவர் அலெக்சாண்டர் ஹெர்ஷல். யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலின் பேரன்.

ஏன் விடியற்காலை, ஏன் நம் ஊர்

பூமி நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. அந்தப் பயணத்தில் பூமியின் முன்பக்கம் எது என்றால், விடியலை நெருங்கிக்கொண்டிருக்கும் பக்கம்தான். மாலையில் நாம் பின்பக்கத்தில் இருக்கிறோம். பூமியைத் துரத்திப் பிடிக்கும் துகள்கள் மட்டுமே அப்போது நமக்குத் தெரியும். நள்ளிரவு தாண்டிய பிறகு எரிகற்கள் அதிகமாவது இதனால்தான்.

ஹாலியின் விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது. கோள்கள் எல்லாம் ஒரு திசையில் சுற்ற, ஹாலி எதிர்த்திசையில் சுற்றுகிறது. அதன் தூசி பூமியை ஏறக்குறைய நேருக்கு நேர் சந்திக்கிறது. இரண்டின் வேகமும் கூடுவதால்தான் 66 கி.மீ. வருகிறது. ஜூலை இறுதியில் வரும் டெல்டா அக்குவாரிட் துகள்களின் வேகம் 41 கி.மீ. மட்டுமே.

துகள்கள் இணையான பாதைகளில் வந்தாலும், கீழிருந்து பார்க்கும் நமக்கு அவை எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து விரிவதாகத் தெரியும். இந்தப் பொழிவுக்கு அந்தப் புள்ளி கும்ப ராசியில், ஈட்டா என்ற விண்மீனுக்கு அருகே, வானத்தின் நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது. அதுதான் நமக்கு வசதி. சென்னையில் மே 6 அன்று அந்தப் புள்ளி இரவு 2 மணிக்குச் சற்று முன்பாகக் கிழக்கே உதிக்கிறது. நாலரை மணிக்கு, கிழக்கு வெளுக்கத் தொடங்கும் வேளையில், சுமார் 40 டிகிரி உயரத்துக்கு வந்துவிடுகிறது. இரண்டரை மணி நேர இருட்டு நமக்குக் கிடைக்கிறது. லண்டனில் அந்தப் புள்ளி அடிவானத்தைத் தாண்டும் போதே வானம் வெளுக்கத் தொடங்கிவிடும். ஆஸ்திரேலியாவும் தென் ஆப்பிரிக்காவும் நம்மைவிடக் கொடுத்துவைத்தவை; அங்கே மே மாத இரவுகள் நீளமானவை.

எப்படிப் பார்ப்பது

தொலைநோக்கியோ பைனாகுலரோ வேண்டாம். அவை வானத்தின் சிறு துண்டைத்தான் காட்டும். எரிகல் எங்கே வேண்டுமானாலும் தோன்றலாம் என்பதால், முடிந்த அளவு அகலமாக வானம் தெரிய வேண்டும். மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வதைவிட நல்ல முறை வேறில்லை.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். விழித்திரையில் மங்கலான ஒளியை உணரும் நிறமி மெதுவாகத்தான் மீண்டும் சேரும். இடையில் ஒருமுறை செல்போன் திரையைப் பார்த்தாலும் பழகியது பாழாகும். மணி பார்க்க வேண்டுமென்றால் சிவப்புத் தாள் சுற்றிய டார்ச் போதும். சிவப்பு ஒளி அந்த நிறமியை அதிகம் பாதிப்பதில்லை.

கிழக்கு நோக்கிப் படுத்தால் எதிரே நான்கு விண்மீன்கள் ஒரு பெரிய சதுரமாக, சற்றே சாய்ந்து தெரியும். நம் பஞ்சாங்கத்தில் பூரட்டாதி, உத்திரட்டாதி என்று வரும் நட்சத்திரங்கள் அவை. அந்தச் சதுரத்துக்கு வலப்புறம்தான் எரிகற்கள் கிளம்பும் புள்ளி. ஆனால் புள்ளியையே உற்றுப் பார்க்க வேண்டாம். அங்கே தோன்றுபவை நம்மை நோக்கி வருவதால் குட்டையாக இருக்கும். கொஞ்சம் விலகி, உச்சி வானத்தைப் பார்த்தால் நீளமான கோடுகள் கிடைக்கும். இரண்டிலிருந்து மூன்று மணிக்குள் எண்ணிக்கை குறைவாக இருக்கும். ஆனால் அந்த நேரத்துத் துகள்கள் காற்று மண்டலத்தின் மேற்பகுதியை உரசிக்கொண்டு போவதால், வானத்தின் பாதியைத் தாண்டும் மிக நீளமான எரிகல் ஒன்றிரண்டு தென்படலாம்.

எத்தனை பார்க்கலாம்? புத்தகங்களில் மணிக்கு 50 அல்லது 60 என்று போட்டிருக்கும். அது புள்ளி உச்சியில் நின்று, வானம் முற்றிலும் இருட்டாக இருந்தால் கிடைக்கும் கணக்கு. நம் ஊரில், பால்வீதி கண்ணுக்குத் தெரியும் இருட்டில், நாலு மணி வாக்கில் மணிக்கு 20 முதல் 30 வரை எதிர்பார்க்கலாம். நகரத்து மாடியிலிருந்து பார்த்தால் நாலைந்துதான் தேறும். தெருவிளக்குகளிலிருந்தும் விளம்பரப் பலகைகளிலிருந்தும் மேலே கசியும் வெளிச்சம் மங்கலான எரிகற்களை எல்லாம் விழுங்கிவிடுகிறது. ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்து வைணு பாப்பு வானாய்வகம் அமைத்ததற்கு அங்கிருந்த இருட்டும் ஒரு காரணம். நகரத்திலிருப்பவர்கள் சொந்த ஊருக்குப் போகும் கோடை விடுமுறையில் இந்தப் பொழிவு வருவது நல்ல பொருத்தம். இந்தப் பொழிவின் உச்சம் ஓர் இரவோடு முடிவதில்லை. மே 3 முதல் 8 வரை எந்த விடியலிலும் முயலலாம். முந்தின நாள் மாலை கோடைமழை பெய்து காற்றிலுள்ள தூசி அடங்கியிருந்தால் இன்னும் நல்லது.

எண்ணுங்கள், எழுதுங்கள்

புறநானூற்றின் 229ஆம் பாட்டில் கூடலூர் கிழார் ஓர் எரிகல்லைப் பதிவு செய்திருக்கிறார். அது விழுந்ததால் தன் அரசன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு ஆபத்து என்று அவர் அஞ்சினார். அந்த அச்சத்துக்கு அறிவியலில் இடமில்லை. ஆனால் அவர் பார்த்த விதம் இன்றைக்கும் பாடம். மாதம் பங்குனி, நேரம் நள்ளிரவு, உச்சியிலும் கீழ்வானிலும் மேல்வானிலும் நின்ற நட்சத்திரங்கள் எவை, எரிகல் எந்தத் திசையில் விழுந்தது என்று எல்லாவற்றையும் பாட்டிலேயே வைத்திருக்கிறார். நேரம், திசை, சுற்றியிருந்த விண்மீன்கள் ஆகிய மூன்றும் இருந்தால் ஒரு பார்வை தரவாகிவிடுகிறது.

எரிகல் ஆய்வில் இன்றும் சாதாரண மக்களின் எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டு. திருவனந்தபுரம் தும்பாவில் உள்ள எரிகல் ரேடார், தடங்களிலிருந்து திரும்பும் ரேடியோ அலைகளைக் கொண்டு மேல் வளிமண்டலக் காற்றை அளந்திருக்கிறது. கண்ணால் எண்ணிச் சேர்த்த தரவோ இன்னும் நீண்ட காலத்தைக் காட்டும். 1988இல் தொடங்கப்பட்ட சர்வதேச எரிகல் அமைப்பு உலகெங்கும் உள்ள ஆர்வலர்களின் பதிவுகளைத் திரட்டி, பொழிவுகள் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகின்றன என்று கணக்கிடுகிறது. எண்ணுபவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அவர்களால் சரிவரப் பார்க்க முடியாத ஈட்டா அக்குவாரிட் பொழிவுக்கு, நம் அட்சரேகையிலிருந்து போகும் ஒவ்வொரு மணி நேரக் கணக்கும் இடைவெளியை நிரப்புகிறது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒரு மணி நேரம் தொடர்ந்து பாருங்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், ஊர், கண்ணுக்குத் தெரிந்த மிக மங்கலான விண்மீன், மேகம் இருந்ததா என்பதை எழுதுங்கள். ஒவ்வோர் எரிகல்லுக்கும் நேரம் குறியுங்கள். அதன் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் கும்ப ராசிக்குப் போகிறதா, வேறெங்காவது போகிறதா என்று பிரித்து எண்ணுங்கள். தடம் நின்றதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களைக் கொண்டு இதை எளிதாகச் செய்யலாம். பத்துப் பேர் தனித்தனியாக எண்ணினால் பத்துக் கணக்குகள் கிடைக்கும்.

நல்ல வாய்ப்பு ஒன்று அருகில் இருக்கிறது. 2027 மே 6 அமாவாசை. பொழிவின் உச்சமும் அன்றுதான். விடியும் வரை நிலவொளி குறுக்கே வராது. அதற்கு முன்பாக 2026 ஆகஸ்ட் 12ஆம் தேதியும் அமாவாசை. மேகம் விலகினால் பெர்சீட் பொழிவில் எண்ணிப் பழகிக்கொள்ளலாம். ஹாலி வால்மீனை நேரில் பார்க்க 2061 வரை காத்திருக்க வேண்டும். அதன் தூசியைப் பார்க்க, மே முதல் வாரத்தில் மூன்று மணிக்கு எழுந்தால் போதும். காலண்டரில் அந்தத் தேதியை இப்போதே குறித்துவையுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போங்கள்.